கவுனும் தொப்பியும் ஒரே லாட்

பெருமாநல்லூர்,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சித்ரகலா அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் பிரிசில்லாவின் ஸ்தோத்திரம். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு மட்டும் மழை வந்தால் முழங்கால் வலிக்கிறது. பூபாலன் மாமா சுகமா? பிரசவத்துக்கு உங்களிடம் வந்திருக்கிற கவிப்பிரியா அக்காவுக்கும் பிறந்த பாப்பாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

நேற்றுப் போனில் நான் பேசவில்லை என்று வருத்தப்படாதீர்கள். எனக்குப் போனில் "ம்" மட்டும்தான் வரும். அதற்கு மேல் ஏதாவது வருவதற்குள் அப்பா ஸ்பீக்கரில் போட்டு, "அவ நல்லாத்தான் இருக்கறா அம்மிணி, நீ என்ற சமாச்சாரத்தக் கேளு" என்று வாங்கிக்கொள்கிறார். "பேச வரலீன்னா எழுது கண்ணு" என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள் என்பதற்காகவே ஒன்பதாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் சமாச்சாரம் இதுதான். கம்பெனியில் அவரை நீடில் இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். தையல் மிஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி எடுத்து அவரிடம் காட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி தருவார். ஒரு துண்டு குறைந்தாலும் அதோடு சேர்த்துத் தைத்த உருப்படிகளை எல்லாம், அந்த லாட் முழுவதையும், நிறுத்தி வைத்துத் தேடுவார்கள். துணி போடுகிறவர் யாரையும் ஊசி குத்திவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்பா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

கழுத்துப் பட்டையில் அடையாள அட்டையோடு பிஸ்கட் மாதிரி வட்டமாக ஒரு காந்தமும் தொங்குகிறது. ஊசித் துண்டு பொறுக்குவதற்கு. குளிக்கும்போது மட்டும் கழற்றுகிறார். காலையில் காபிக்கு முன்னால் எங்களை நிறுத்தி வைத்து மீட்டிங் நடக்கிறது. அம்மா ஒரு நாள் மாவுச் சல்லடையைக் காணோம் என்றார்.

"காணோம்னு சொல்லக் கூடாது. இன்னும் ட்ரேஸ் ஆகலீன்னு சொல்லோணும்."

"ட்ரேஸ் ஆகாத சல்லடைல மாவு எப்படீங்க சலிக்கறது?"

அன்று புட்டு இல்லை.

நான் ஆத்தப்பன் அண்ணன் யூனிட்டில் இன்னும் கைமடியாகத்தான் இருக்கிறேன். டெய்லர் தைத்துத் தள்ளுவதை மடித்து, பிசிறு வெட்டி, அடுக்கிக் கொடுக்கிற வேலை. ஜன்னல் ஓரமாக ஒரு மிஷின் காலியாகக் கிடக்கிறது. அங்கே வெளிச்சம் நன்றாக விழும்.

பாப்பாவின் உள்ளங்காலுக்கு என் முத்தம்.

பிரிசில்லா


மடத்துக்குளம்,
17 ஆகஸ்ட்

கண்ணு பிரிசில்லாவுக்கு,

அத்தையின் ஆசீர்வாதம். நாங்கள் எல்லோரும் சுகம். பாப்பா பகலில் தூங்கி எங்களை இரவில் எழுப்புகிறாள். அம்மாவின் முழங்காலுக்கு நொச்சி இலை போட்டு ஒற்றடம் கொடு.

உன் அப்பாவைப் பற்றி எழுதியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார், எனக்கு ஆச்சரியமே இல்லை. நாலாவது படிக்கும்போது உன் அப்பாவை வகுப்புத் தலைவர் ஆக்கினார்கள். தாமதமாக வந்த பிள்ளைகளோடு தாமதமாக வந்த வாத்தியார் பெயரையும் போர்டில் எழுதியவர் என் அண்ணன்.

பாப்பாவின் ஞானஸ்நானம் அக்டோபர் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கவிப்பிரியாவுக்குக் கூடப் பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் இடத்தில் நிற்க வேண்டியவர் உன் அப்பாதான். வெள்ளைக் கவுன் உங்கள் வீட்டுச் சீராக வர வேண்டும். கடையில் வாங்கியது எனக்கு வேண்டாம் சாமி. நீ தைத்துக் கொடு. போன மே மாதம் நீ தைத்துத் தந்த தலையணை உறை இன்னும் ஒரு இடத்தில்கூடப் பிரியவில்லை.

ஜன்னல் ஓர மிஷினைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வெளிச்சத்தைப் பற்றி யாரும் சும்மா எழுத மாட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.

சித்ரகலா அத்தை


பெருமாநல்லூர்,
8 செப்டம்பர்

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். ஒற்றடம் கொடுத்ததில் அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது. போனில் கேட்டதே மாமாவின் இருமல், அது நின்றதா?

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், தைக்கிறேன் என்று சொல்லத் தைரியம் வர வேண்டியிருந்தது. இப்போது தைக்கிறேன். ஆத்தப்பன் அண்ணனே மிச்சத் துணியிலிருந்து மெல்லிசான வெள்ளைத் துணி எடுத்துக் கொடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் மிஷினில் பழகிக்கொள்கிறேன். வீட்டில் அப்பா வேலை முடிந்து வருவதற்குள் அம்மாவின் கால்மிஷினில் தைக்கிறேன்.

அப்பாவுக்குத் தெரியாது. நான் மிஷினில் உட்காரவே கூடாது என்பது அவர் கட்டளை. "நீடில் இன்சார்ஜ் புள்ள கைலயே ஊசி ஏறுச்சுன்னா கம்பெனில என்ற மரியாதை என்ன ஆகறது?" என்கிறார்.

நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆத்தப்பன் அண்ணன், "தீவாளி கழிஞ்சு அந்த மிஷின்ல நீயே உக்காந்துக்கறயா கண்ணு? உங்கப்பாகிட்டக் கேட்டுட்டு வா" என்றார். நான் "ம்" என்றேன். இன்னும் கேட்கவில்லை. வேறு யாராவது வந்து அதில் உட்கார்ந்துவிடுவார்களோ என்று தினமும் உள்ளே நுழைந்ததும் அந்தப் பக்கம்தான் பார்க்கிறேன்.

இதை அப்பாவிடம் நீங்கள் சொல்லிவிட வேண்டாம், அத்தை.

பிரிசில்லா


பெருமாநல்லூர்,
15 செப்டம்பர்

அன்புத் தங்கை சித்ரகலா அறிவது,

கர்த்தர் கிருபையால் இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தை உறுதி செய்து தெரிவிக்கவும்.

ஞானஸ்நானம் பற்றிப் போனில் பேசியதை எழுத்தில் தருகிறேன். போன் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.

தாய்மாமன் என்ற முறையில் குழந்தையின் ஆடையின் தரம் என் நேரடிப் பொறுப்பு. குழந்தையைத் தூக்குகிறவர்கள் சேலையில் ஊக்கு குத்தியிருக்கக் கூடாது. ஞானஸ்நானத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று நானே கை விட்டுப் பார்ப்பேன். இதை ஆயரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவும். விழாவில் சிறிது நேரம் பேசுவேன். ஆயர் ஜெபிப்பதற்கு முன்பா, பின்பா என்று அவரிடமே கேட்டு எழுதவும்.

மாப்பிள்ளை பூபாலன் அவர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
டேனியல்,
நீடில் இன்சார்ஜ்


மடத்துக்குளம்,
27 செப்டம்பர்

கண்ணுக்கு,

அத்தையின் அன்பு. எல்லோரும் சுகம். மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டது. ஆனால் உன் அப்பா கடிதத்தை வாசித்துச் சிரித்ததில் மறுபடியும் வந்துவிட்டது.

மாமா அக்டோபர் ஒன்பதாம் தேதி ஒரு வேலையாகத் திருப்பூர் வருகிறார். கவுனை அவரிடம் கொடுத்து அனுப்பு. அண்ணனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. எதையாவது சொல்ல அவர் இடம் கொடுத்தால்தானே.

மிஷின் விஷயத்தை மட்டும் நீதான் கேட்க வேண்டும், சாமி. நான் கேட்டால் அது என் காரியமாகிவிடும்.

சித்ரகலா அத்தை


பெருமாநல்லூர்,
10 அக்டோபர்

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். பாப்பா எப்படி இருக்கிறாள்? முதலில் அதை எழுதுங்கள்.

நேற்றுக் காலை கவுனை மாமா கையில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, "ஏங்கண்ணு, இது கடைல எடுத்ததில்லயா?" என்றார். அந்த ஒரு கேள்விக்காக இன்னொரு கவுன் தைக்கலாம். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். மிச்சத் துணியில் ஒரு தொப்பியும் தைக்கலாம் என்று பொழுதோடு மிஷினில் உட்கார்ந்தேன். மடிப்பு தடிமனாக இருந்த இடத்தில் ஊசி டக்கென்று உடைந்தது. மேல்பாதி மிஷினிலேயே நின்றது. முனையைக் காணோம்.

நான் தேடிக்கொண்டிருந்தபோதே அப்பா வந்துவிட்டார். என் தோளுக்கு மேலாகக் குனிந்து மிஷினைப் பார்த்தார். அவர் கழுத்துப் பட்டை என் காதில் உரசியது.

"ஊசி முறிஞ்சுதா?"

"ம்."

"முனை எங்க? இந்தத் துணில வேற என்ன தச்ச?"

கவுன் என்றேன். அது மாமாவோடு ஊருக்குப் போய்விட்டது என்று அம்மா சொன்னார். அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சரக்கு வெளிய போயிருச்சு" என்றார்.

அத்தை, கவுன் போனது காலையில். ஊசி உடைந்தது சாயங்காலம். சாயங்காலம் உடைந்த ஊசி காலையில் போன கவுனுக்குள் எப்படிப் போகும்? இதை நான் மனதுக்குள் தெளிவாகச் சொன்னேன். வாய்க்கு வரவில்லை. அம்மாதான் கேட்டார்.

"கவுனும் தொப்பியும் ஒரே துணி, ஒரே மிஷின், ஒரே டெய்லர். ரெண்டும் ஒரே லாட். லாட்டுன்னா முழுசாத்தான் நிறுத்தோணும்" என்றார் அப்பா.

டெய்லர் என்று என்னைத்தான் சொன்னார். கோபத்தில் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

பிறகு உங்களுக்குப் போன் செய்தார். அதன் பிறகு வீட்டைக் கூட்டி, குப்பையைச் சலித்து (சல்லடை கிடைத்துவிட்டது), தெருவில் யாரும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று அறிவித்தார். பக்கத்து வீட்டு மருதாள் அக்கா பாயைக்கூட உதறிக் காட்ட வேண்டியிருந்தது. முனை கிடைக்கவில்லை. அப்பா இரவு சாப்பிடவில்லை.

பிரிசில்லா


பெருமாநல்லூர்,
10 அக்டோபர்

தங்கை சித்ரகலா அறிவது,

பொருள்: கவுனைத் திரும்பப் பெறுதல்.

நலம் விசாரிக்க இது நேரமல்ல. நேற்றுப் போனில் சொன்னதை எழுத்தில் உறுதி செய்கிறேன். கவுனை ஆளில்லாத அறையில் வெள்ளைத் துணிமேல் விரித்து வைத்து, கதவைப் பூட்டி, சாவியை மாப்பிள்ளையிடம் கொடுக்கவும். முனை கண்ணில் படும்வரை அந்த ஆடை விழாவுக்கு வராது. குழந்தைக்கு ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தால் பதற்றப்பட வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவும்.

நான் பதினாறாம் தேதி நேரில் வந்து சோதனையை நடத்துவேன்.

டேனியல்,
நீடில் இன்சார்ஜ்


மடத்துக்குளம்,
13 அக்டோபர்

கண்ணு,

முதலில் நீ கேட்டதற்குப் பதில். பாப்பா நன்றாக இருக்கிறாள். அவளைத் தவிர இங்கே ஒருவரும் நன்றாக இல்லை.

அண்ணன் போன் வந்தபோது அப்போதுதான் கவுனைப் போட்டுப் பார்த்துக் கழற்றியிருந்தோம். "குத்தியிருக்கும்" என்று அவர் சொல்லவும் பாப்பா அழவும் சரியாக இருந்தது. அது அவளுக்குப் பசிக்கிற நேரம். ஆனால் அந்த நிமிஷம் யாருக்குப் பசி ஞாபகம் வருகிறது? கவிப்பிரியாவும் அழுதாள். மாமா பழைய ரேடியோவைக் கழற்றி அதிலிருந்த காந்தத்தை எடுத்துப் பாப்பாவின் மேலே தலையிலிருந்து கால்வரை பிடித்துக்கொண்டு வந்தார். உடுமலைக்கு ஆட்டோ பிடித்தோம். டாக்டரம்மா பாப்பாவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பால் எப்பக் குடுத்தீங்க?" என்று கேட்டார். பால் குடித்தாள், தூங்கிவிட்டாள். "இவரு கையில என்னது?" என்று கேட்டார். ரேடியோ காந்தத்தை மாமா அங்கேயும் கொண்டுவந்திருந்தார்.

சிரிக்கிற மாதிரி எழுதுகிறேன். ஆனால் ஒன்று எனக்கு வலிக்கிறது. சேவூரிலிருந்து கவிப்பிரியாவின் மாமியார் வந்திருக்கிறார். "ஊசி இருக்கற துணி எம்பேத்திக்கு வேண்டாமுங்க, நான் கடைல எடுத்துக்கறனுங்க" என்கிறார். உன் அப்பாவும் போனிலேயே அதற்கு ஒத்துக்கொண்டார். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. உன் கவுன் பூட்டிய அறைக்குள் கிடக்கிறது. அந்த முனை வந்தால்தான் அது வெளியே வரும்.

அது எங்கே போயிருக்கும் கண்ணு? நன்றாக யோசித்துப் பார்.

அத்தை


பெருமாநல்லூர்,
16 அக்டோபர்

அன்புள்ள அத்தைக்கு,

சுகமெல்லாம் பிறகு கேட்கிறேன். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். தயவுசெய்து தனியாக இருக்கும்போது படியுங்கள்.

இன்று காலை அப்பாவும் அம்மாவும் கிளம்பினார்கள். தைத்தவர் சோதனை நடக்கும் இடத்தில் நிற்கக் கூடாதாம். அதனால் என்னை வர வேண்டாம் என்றார் அப்பா. தீபாவளிச் சரக்கு அவசரம், யூனிட்டில் ஞாயிறும் வேலை என்று நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன். படுக்கைக்கு மருதாள் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்.

வாசலில் தெரு ஆட்கள் எல்லோருக்கும் அப்பா விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டோவில் ஏறக் குனிந்தபோது கழுத்துக் காந்தம் புரண்டது. அதன் பின்பக்கத்தில் ஏதோ மின்னியது.

ஊசி முனை, அத்தை. அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். அன்றைக்கு என் தோளுக்கு மேலாகக் குனிந்தாரே, அப்போதே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து அவர் கழுத்தில்தான் இருக்கிறது. கம்பெனிக்கும் போயிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் போயிருக்கிறது. குப்பையைச் சலித்தபோது மேலே தொங்கிக்கொண்டு பார்த்திருக்கிறது.

நான் வாயைத் திறந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆட்டோ போய்விட்டது.

நீங்கள் சேர்ந்திருப்பீர்கள் என்று தோன்றிய நேரத்தில் மருதாள் அக்காவிடம் போன் வாங்கி உங்களுக்கு அடித்தேன். நானாக ஒருவருக்குப் போன் அடித்தது இதுதான் முதல் தடவை. "ஹலோ, டேனியல், நீடில் இன்சார்ஜ்" என்று அப்பா எடுத்தார். "ம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தேன். மறுபடியும் அவரே.

ஒரு வேண்டுகோள். எல்லோர் முன்னாலும் அவரைத் தலைகுனிய வைத்துவிடாதீர்கள். ஊசி உடைந்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மரியாதைக்காக மட்டும் ஒருவர் இத்தனை நாள் பட்டினி கிடக்க மாட்டார்.

பிரிசில்லா


மடத்துக்குளம்,
22 அக்டோபர்

என் கண்ணு பிரிசில்லாவுக்கு,

அத்தையின் ஆசீர்வாதமும் முத்தமும். இந்தத் தடவை நாங்கள் உண்மையாகவே எல்லோரும் சுகம். உன் அம்மா உன்னிடம் பாதி சொல்லியிருப்பார். மீதி எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியதே உன் அப்பாதான். "புள்ள மன்னிப்புக் கேட்டு எழுதியிருப்பா, படி" என்று என்னிடம் நீட்டினார். அவர் நீட்டியபோது அந்தக் காந்தம் என் மூக்குக்கு நேராக ஆடியது. நான் சமையலறைக்குப் போய்ப் படித்தேன். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று மிக்ஸியைப் போட்டேன். அரைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் ஆயர் வந்தார். சேவூர்ச் சம்பந்தியம்மாவும் இருந்தார். பூட்டிய அறைக்குள் இரண்டு நாளாக நடந்த சோதனையில் எதுவும் கிடைக்கவில்லை, அதனால் கவுன் கூடாது என்று உன் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நான் காபி கொடுத்துக்கொண்டே, "அண்ணா, ஆயரு இந்தக் காந்தத்தப் பாத்ததே இல்லையாமா. கழட்டிக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். ஆயர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் நல்ல மனிதர், ஆமாம் என்று தலையாட்டினார்.

அண்ணன் கழற்றிப் பாடம் நடத்தினார். "இது முன்பக்கமுங்க. பவரு பூராவும் இங்கதான். இது பின்பக்கம்..." என்று திருப்பினார்.

திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மாமா இருமினார். அது பொய் இருமல்.

நானும் கொஞ்சம் பயந்துதான் போனேன் கண்ணு. அவர் முகம் அப்படி இருந்தது. பிறகு மெதுவாக நிமிர்ந்து, காந்தத்தை உயரத் தூக்கிப் பிடித்து, "கண்டுபுடிச்சாச்சு" என்றார். "நாந்தான் சொன்னனில்லீங்க, என்ற காந்தத்துக்கு எதுவும் தப்பாது."

"இத்தன நாளு அது எங்கீங்க இருந்துச்சு?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"என்ற பாதுகாப்புல இருந்துச்சுங்க."

ஆயர் ஆமென் சொன்னார்.

எல்லோரும் எழுந்து போன பிறகு நான் அந்த அறைப் பக்கம் போனேன். உன் அப்பா கவுனை உட்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி வைத்து, ஒவ்வொரு தையலாக விரலால் தடவிக்கொண்டிருந்தார். பயந்து தடவுகிற மாதிரி இல்லை. "இத அவளுக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். "ஒரு பிசிறு இல்ல" என்றார். அப்புறம், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா கவுனும் தொப்பியும் போட்டுக்கொண்டாள். தொப்பியை அண்ணன் சோதனைக்காக உறைக்குள் போட்டு ஒட்டிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்; நீ பாதியில் விட்ட மடிப்பை நான் கையால் தைத்து முடித்தேன். லிடியா என்று பெயர் வைத்தோம். சம்பந்தியம்மா வந்தவர்களிடம் எல்லாம் கவுனின் விளிம்பைத் தூக்கிக் காட்டினார், என்னவோ தானே தைத்த மாதிரி. உன் அப்பா ஜெபத்துக்குப் பின் ஊசியைப் பற்றிப் பேசினார். லிடியா தூங்கிவிட்டாள்.

மிஷின் விஷயத்தை நான் வாய் திறக்கவில்லை. அது உன்னுடையது.

சித்ரகலா அத்தை


பெருமாநல்லூர்,
10 நவம்பர்

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் முழங்கால் உட்பட. லிடியாவுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பனி ஆரம்பித்துவிட்டது.

முனை கிடைத்த கதை எங்கள் தெருவுக்குத் தெரியும், அப்பா சொன்ன விதத்தில். மருதாள் அக்கா, "உங்கப்பா இல்லீன்னா அந்தப் புள்ள கதி என்ன?" என்றார். நான் "ம்" என்றேன்.

தீபாவளிக்கு மறுநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குப் போய் வந்ததிலிருந்து நன்றாகச் சாப்பிடுகிறார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னேன்.

"அப்பா, ஆத்தப்பன் அண்ணன் என்னை மிஷின்ல உக்காரச் சொன்னாருங்க. நான் சரின்னு சொல்லப் போறனுங்க."

இவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஊசி முறிஞ்சுதுன்னா?" என்று கேட்டார் அப்பா.

"முனை கிடைக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டனுங்க."

அப்பா கை கழுவப் போனார். துடைத்துக்கொண்டு திரும்பி வந்தவர், மீட்டிங்கில் பேசுகிற குரலில் பேசவில்லை. "நாளைக்கு உனக்கொரு காந்தம் வாங்கியாறேன்" என்றார். பிறகு அம்மா இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "பின்பக்கமும் திருப்பிப் பாக்கோணும் கண்ணு. பல பேரு பாக்கறதில்ல" என்றார்.

சரிங்கப்பா என்றேன்.

திங்கள்கிழமையிலிருந்து ஜன்னல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன், அத்தை. காலையில் நான் நினைத்ததைவிட அதிகமாகவே வெளிச்சம் விழுகிறது. கண் கூசுகிறது என்று மிஷினைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

லிடியாவுக்கு என் முத்தம். மாமாவிடம் அந்த ரேடியோ இனிமேல் பாடுமா என்று கேட்டு எழுதுங்கள்.

பிரிசில்லா